தொட்டது உண்மைதான்

திருமானூர்,
13 ஜூலை 2025

அன்புள்ள அத்தைக்கு,

சத்யப்பிரியா எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, தம்பி எல்லோரும் நல்லபடியாக இருக்கிறோம். உங்கள் முழங்கால் வீக்கம் வற்றிவிட்டதா? வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

பரீட்சையில் மார்க்குக்காகக் கடிதம் எழுதியிருக்கிறேன். உண்மையாக ஒருவருக்கு எழுதுவது இதுதான் முதல் தடவை. அப்பா உங்கள் நம்பரை இரண்டு போனிலும் பிளாக் செய்துவிட்டார். அதனால் எல்லோரும் தூங்கிய பிறகு அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். பூனை பாத்திரத்தை உருட்டினால்கூட விளக்கை அணைத்துவிடுகிறேன்.

உங்கள் கபடி அரையிறுதி ஆட்டத்தை நம் தெருவே எங்கள் வீட்டில் கூடித்தான் பார்த்தது. அப்பா கடைசி டிரிப்பை வேறு கண்டக்டரிடம் விட்டுவிட்டு ஓடி வந்திருந்தார். அம்பயர் உங்களை அவுட் என்றதும், நீங்கள் அவர் மார்பில் கைவைத்துத் தள்ளியதும், அவர் விழுந்து கண்ணாடி தெறித்ததும் ஒரு நொடியில் முடிந்துவிட்டது. ‘கண்ணு தெரியாத கெழவன்லாம் விசில் ஊத வந்துட்டான்’ என்று நீங்கள் சொன்னது டிவியில் தெளிவாகக் கேட்டது. அப்பா எழுந்து டிவியை அணைத்தார். கூடியவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

இப்போது மினி பஸ்ஸில் அப்பா டிக்கெட் கேட்டால், ‘கண்ணு தெரியலயா கண்டக்டரே, அப்பவே வாங்கிட்டேன்’ என்று சிலர் சிரிக்கிறார்களாம். அதை அப்பா வீட்டில் சொல்வதில்லை. டிரைவர் செல்லப்பன் மாமாதான் அம்மாவிடம் சொன்னார்.

பஸ் ஸ்டாண்டில் உங்கள் பேனர் இருக்கிறதே, நம் தெருவிலிருந்து ஒருவர் படம் அங்கே ஏறியது அதுதான் முதல் தடவை. அதில் உங்கள் முகத்தில் யாரோ சாணி அடித்துவிட்டார்கள். நான் விடியுமுன் வாளியில் தண்ணீர் கொண்டுபோய்க் கழுவினேன். முழுவதும் போகவில்லை. ஆனால் நீங்கள்தான் என்று தெரிகிறது.

நீங்கள் அவுட் இல்லை அத்தை. அந்த வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்துவிட்டேன். பாடி வந்த அந்த ஓசூர்க்காரி கை உங்கள் மேல் படவே இல்லை. பள்ளியில் யார் கேட்டாலும் அம்மா மேல் சத்தியமாக என்றுதான் சொல்கிறேன்.

ஒரே ஒரு பயம்தான். ‘இனிமே இந்த வூட்டுல கபடிங்கற பேச்சே இருக்கக் கூடாது’ என்று அப்பா சொல்லிவிட்டார். ஸ்பெஷல் கிளாஸ் என்று பொய் சொல்லிவிட்டுத்தான் ஆடப் போய் வருகிறேன். தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை பெரம்பலூரில் நம் மாவட்டத்துக்கும் அவர்கள் மாவட்டத்துக்கும் சேர்த்து ஜூனியர் அணித் தேர்வு நடக்கிறது. அப்பா கையெழுத்துப் போட்டால்தான் போக முடியும். அங்கே விசில் ஊதப்போவது யார் தெரியுமா? நீங்கள் தள்ளிவிட்டீர்களே, அதே காசிநாதன் சார்.

பதிலை ராசாத்தி டீச்சர் பெயருக்குப் பள்ளி முகவரியில் போடுங்கள். உங்களோடு ஒரு காலத்தில் ஆடியவர் என்பதால் சம்மதித்திருக்கிறார்.

உங்கள் அண்ணன் மகள்,
சத்யா

*

சென்னை,
22 ஜூலை 2025

என் செல்ல சத்யாவுக்கு,

நலம். முழங்கால் பரவாயில்லை. அண்ணியின் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? தம்பி இன்னும் பல் தேய்க்காமல் பள்ளிக்கு ஓடுகிறானா?

உன் கையெழுத்து என் கையெழுத்து மாதிரியே இருக்கிறது. ஹாஸ்டலில் எல்லோரிடமும் காட்டினேன். பேனரைக் கழுவினாய் என்பதைப் படித்ததும் சிரிப்பும் வந்தது, வேறு ஏதோவும் வந்தது.

நீ கவலைப்படாதே. ஓராண்டுத் தடை போட்டிருக்கிறார்கள் என்பது உண்மை. அப்பீல் செய்திருக்கிறோம். எந்தக் கேமராவிலும் அந்த ஓசூர்ப் பெண் தொட்டது தெளிவாக இல்லை. அம்பயர் தவறாகக் கொடுத்ததால் ஏற்பட்ட ஆத்திரம் என்று வக்கீல் வாதாடப் போகிறார். தடை பாதியாகக் குறையும் என்கிறார். மன்னிப்பு வீடியோவும் போட்டாகிவிட்டது. டீம் மேனேஜர் எழுதிக் கொடுத்ததை மூன்று தடவை படித்தேன். கேமராக்காரப் பையன், ‘மேடம், கொஞ்சம் கண்ணு கலங்குனா நல்லாருக்கும்’ என்றான். எனக்குக் கலங்கவில்லை. அப்படியே போட்டுவிட்டார்கள்.

அண்ணன் கோபம் அடங்கும். சின்ன வயதிலிருந்தே அவர் அப்படித்தான். நீ ஆட்டத்தை விடாதே. களத்தில் யாருக்கும் தலை குனியாதே. வலது மூலையில் நிற்கும்போது உன் எடை முன்காலில் இருக்கட்டும்.

அன்புடன்,
அத்தை வெற்றிச்செல்வி

*

திருமானூர்,
9 ஆகஸ்ட் 2025

அன்பும் பெருமையுமாக அத்தைக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு இடுப்பு வலி குறைந்திருக்கிறது. உங்கள் கடிதத்தை ராசாத்தி டீச்சர் அறையிலேயே மூன்று தடவை படித்துவிட்டேன்.

அத்தை, நேற்று குறுவட்டப் போட்டியில் நாங்கள் ஜெயித்துவிட்டோம்! ஒரே ஒரு புள்ளி வித்தியாசம். அந்தப் புள்ளியை விடாமல் காப்பாற்றியது நான்தான்.

கடைசி நிமிடம். எதிர்ப் பள்ளியிலிருந்து ஒல்லியாக ஒருத்தி கபடி பாடிக்கொண்டு வந்தாள். நான் உங்களைப் போலவே மஞ்சள் பட்டையைத் தலையில் கட்டிக்கொண்டு வலது மூலையில் நின்றேன். பாய்ந்து பிடிக்கப் போனேன், தப்பித்துவிட்டாள். எங்கள் பக்கக் கோட்டில் நிற்க ஆள் இல்லாமல் பக்கத்து ஊர்ப் பள்ளிப் பெண் ஒருத்தியைக் கொடி பிடிக்க நிறுத்தியிருந்தார்கள். பெயர் பூமாலை. கண்ணாடி போட்டிருந்தாள். அவள் கொடியைத் தூக்கி, ‘டச்! ஒம்பதாம் நம்பர் அவுட்டு!’ என்று கத்தினாள். ஒன்பது நான்தான்.

என்ன செய்வது என்று தெரியவில்லை. அப்புறம் உங்களை நினைத்தேன். நேரே போய் அவள் மார்பில் கைவைத்துத் தள்ளினேன். ‘கண்ணு தெரியாதவள்லாம் கொடி பிடிக்க வந்துட்டா’ என்றேன். எல்லோரும் ஓவென்று சிரித்தார்கள். அவள் தண்ணீர் டிரம்மில் மோதி விழுந்தாள். அதைப் பார்த்துப் பெரிய அம்பயர் குழம்பிப்போய்ப் புள்ளி இல்லை என்று சொல்லிவிட்டார்.

வெளியே வரும்போது பிள்ளைகள், ‘வெற்றிச்செல்வி! வெற்றிச்செல்வி!’ என்று என்னைத்தான் கூப்பிட்டார்கள். நீங்கள் பார்த்திருந்தால் எவ்வளவு பெருமைப்பட்டிருப்பீர்கள்!

உண்மையில் தொட்டாளா என்று கேட்கிறீர்களா? தொட்டாள். என் சட்டை ஓரத்தில் விரல் பட்டது. ஆனால் யாருக்கும் தெரியவில்லை.

உங்களைப் போலவே ஆகப்போகிற,
சத்யா

*

திருமானூர்,
27 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அத்தைக்கு,

நலமா? உங்களிடமிருந்து பதில் இல்லை. என் கடிதம் கிடைக்கவில்லையோ என்னவோ.

பூமாலையின் மணிக்கட்டு எலும்பில் விரிசலாம். மாவுக்கட்டுப் போட்டிருக்கிறார்கள். அவள் பள்ளியிலிருந்து புகார் வந்துவிட்டது. ராசாத்தி டீச்சர் என்னை அழைத்து, ‘இந்த வருஷம் ஸ்கூல் டீம்ல நீ இல்ல’ என்றார். அழுதேன். ‘அழுது முடிச்சிட்டு வூட்ல போயிச் சொல்லு. நான் போயிச் சொல்லமாட்டேன், அது ஒன் வேல’ என்றார்.

தலைமையாசிரியை அப்பாவை அழைத்து வரச் சொல்லியிருக்கிறார். அப்பாவுக்கு விடுமுறை கிடைக்கவில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன். அப்பா போவதோ ஏலாக்குறிச்சி ரூட். தலைமையாசிரியை என்றைக்காவது அந்த பஸ்ஸில் ஏறிவிட்டால் முடிந்தது. தினமும் சாயங்காலம் அப்பா சைக்கிளை நிறுத்தும் சத்தத்தை வைத்தே கோபமா இல்லையா என்று கண்டுபிடிக்கப் பார்க்கிறேன்.

அப்பாவுக்குத் தெரிந்தால் பெரம்பலூர் இல்லை. கபடியே இல்லை. நான் என்ன செய்யட்டும்? நீங்கள் சொன்னால் கேட்கிறேன்.

சத்யா

*

திருமானூர்,
4 செப்டம்பர் 2025

அத்தைக்கு,

எல்லோரும் நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும். என் மேல் கோபமா? ஒரு வரி போட்டால் போதும்.

சத்யா

*

சென்னை,
8 செப்டம்பர் 2025

அன்புள்ள சத்யாவுக்கு,

நீ சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்கக்கூட எனக்குக் கூச்சமாக இருக்கிறது. உன் மூன்று கடிதங்களும் வந்தன. உன் மேல் கோபம் இல்லை. பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

நான் தள்ளிய வீடியோவை ஊரே பார்த்தது, கண்டபடி திட்டியது. எனக்கு எதிர்க்கோபம்தான் வந்தது. மன்னிப்பு கேட்டபோதுகூட மனசுக்குள் ‘இவனுங்க யாரு என்னைக் கேக்க’ என்றுதான் இருந்தது. ‘பெருமைப்பட்டிருப்பீர்கள்’ என்று நீ எழுதியிருந்தாய் பார், அந்த இடத்தில்தான் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். நான் தள்ளியதை நான் பார்க்கவே இல்லை. நீ தள்ளியதைப் படித்துத்தான் பார்த்தேன்.

சத்யா, அந்த ஓசூர்க்காரி என்னைத் தொட்டாள். ஜெர்ஸி ஓரத்தில் விரல் இழுத்தது. எனக்கு அப்போதே தெரியும்.

திருமழபாடி ஆற்று மணலில் நானும் ராசாத்தியும் ஆடிய காலத்தில் அம்பயரே கிடையாது. தொடப்பட்டவள் தானே கையைத் தூக்கிக்கொண்டு வெளியே போக வேண்டும். தூக்காதவளை மறுநாள் யாரும் ஆட்டத்துக்குச் சேர்க்க மாட்டார்கள். டிவி ஆட்டத்துக்கு வந்த முதல் வாரம் அதே பழக்கத்தில் கையைத் தூக்கினேன். ‘கண்டுபிடிக்கிறது அம்பயர் வேல. நீ எதுக்குக் கை தூக்குற?’ என்று கோச் திட்டினார். அன்றோடு விட்டுவிட்டேன். விட்டது தெரியாத அளவுக்கு விட்டுவிட்டேன்.

போன வாரம் யாரிடமும் சொல்லாமல் பெரம்பலூர் போனேன். காசிநாதன் சார் வாசலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பேப்பரை மடித்தார்.

‘வாங்க. கண்ணாடி புதுசு. இப்ப நல்லாவே தெரியுது’ என்றார்.

நான் மன்னிப்பு கேட்டேன்.

‘வீடியோலதான் கேட்டாச்சே. நல்லா வாசிச்சீங்க.’

உள்ளேயிருந்து அவர் மனைவி, ‘வந்தவளுக்குக் காப்பி குடுக்கணுமா வேணாமா, அத மொதல்ல சொல்லுங்க’ என்று என் காதில் விழும்படியே கேட்டார்.

‘குடு, குடு. சக்கர மட்டும் போடாத.’

சர்க்கரை இல்லாத காப்பியைக் குடித்தேன். தம்ளரைக் கீழே வைத்த பிறகு அவர் கேட்டார்: ‘ஒண்ணே ஒண்ணு. அந்தப் பொண்ணு தொட்டாளா?’

‘தொட்டா சார்.’

‘தெரியும். நாந்தான் பாத்தேனே. பாத்தவன்கிட்ட வந்து சொல்லி என்னம்மா ஆவப்போவுது? பாக்காதவங்ககிட்ட சொல்லுங்க.’

19ஆம் தேதி அப்பீல் விசாரணை. அங்கே சொல்லப் போகிறேன்.

பூமாலையிடம் உனக்காக நான் பேச மாட்டேன். ராசாத்தி சொன்னதுதான் சரி. முதலில் அண்ணனிடம் சொல். அடித்தால் வாங்கிக்கொள். நீ தள்ளியதற்கு நான்தான் காரணம் என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் சட்டை ஓரத்தில் விரல் பட்டது உனக்குத் தெரியும் அல்லவா?

அத்தை

*

திருமானூர்,
13 செப்டம்பர் 2025

அத்தைக்கு,

நாங்கள் நலம். காலாண்டுப் பரீட்சை நடக்கிறது. உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நேற்று கணக்குப் பரீட்சையில் பாதியை விட்டுவிட்டேன்.

எனக்கு உங்கள் மேல் கோபம். நீங்கள் அவுட் இல்லை என்று அம்மா மேல் சத்தியம் செய்தேன். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி உங்களை ரவுடி என்றதற்காக அவளோடு சண்டை போட்டு முடியைப் பிடித்து இழுத்தேன். சாணி நாற்றத்தோடு பேனரைக் கழுவினேன். எல்லாம் நீங்கள் உண்மையாக இருக்கிறீர்கள் என்று நினைத்துத்தான்.

விசாரணையில் சொல்லாதீர்கள். யாரும் பார்க்கவில்லையே, ஏன் சொல்ல வேண்டும்? சொன்னால் தடை குறையாது. பொய்யும் சொன்னாள் என்று சேர்த்துச் சிரிப்பார்கள். அப்பா இன்னும் தலை குனிவார். அப்புறம் எனக்குக் கையெழுத்து எங்கே கிடைக்கும்?

இன்னும் அப்பாவிடம் சொல்லவில்லை. பயமாக இருக்கிறது. இரண்டு தடவை பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ‘என்ன பாப்பா?’ என்றார். ஒன்றுமில்லை என்று வந்துவிட்டேன்.

சத்யா

*

சென்னை,
22 செப்டம்பர் 2025

அன்புள்ள சத்யாவுக்கு,

பரீட்சை முடிந்ததா? கணக்கை முழு ஆண்டில் பிடித்துக்கொள்ளலாம். உடம்பைப் பார்த்துக்கொள்.

சொல்லிவிட்டேன்.

மேசைக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர். வக்கீல் அரை மணி நேரம் கேமராக் கோணங்களைக் காட்டி நன்றாகத்தான் பேசினார். அவர் உட்கார்ந்ததும், ‘நான் ஒண்ணு சொல்லணும். அவங்க என்னைத் தொட்டாங்க. அம்பயர் சரியாத்தான் குடுத்தார்’ என்றேன். வக்கீல் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்க முடியவில்லை. தலைவர், ‘இத ஏம்மா அன்னைக்கே சொல்லல?’ என்றார். ‘சொல்லியிருக்கணும் சார்’ என்றேன்.

தடை முழு ஆண்டும் அப்படியே நிற்கிறது. டீமும் என்னை விட்டுவிட்டது. விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைத்த ஆபீஸ் வேலை இருக்கிறது, அதிலும் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். நீ சொன்னபடியே சிரிக்கிறார்கள். முன்பைவிட அதிகமாகவே.

அன்று இரவு ஓசூர்ப் பெண் போன் செய்தாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். இல்லை. ‘மூணு மாசமா எங்க ஊர்ல என்னைத்தான் பொய்க்காரின்னாங்க. தொடாமயே கை தூக்கி ஜெயிச்சவன்னாங்க. ஒரு தடவையாச்சும் என்னை நெனச்சுப் பாத்தியா?’ என்றாள். நினைக்கவில்லை சத்யா. காசிநாதன் சார் வீட்டுக்குப் போனபோதுகூட அவளை நினைக்கவில்லை. அவள் திட்டித் தீர்க்கும்வரை போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.

உனக்கு என் மேல் கோபம் இருக்கட்டும். நீ செய்த சத்தியத்தைப் பொய்யாக்கியவள் நான்தான். அண்ணன் கையெழுத்து எப்படிக் கிடைக்கும் என்று எனக்கும் தெரியவில்லை.

அத்தை

*

திருமானூர்,
5 அக்டோபர் 2025

அன்புள்ள அத்தைக்கு,

எல்லோரும் நலம். நீங்கள் தனியாக என்ன செய்கிறீர்கள், ஹாஸ்டலில் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? வேலை போய்விடாதே?

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் காலேஜ் பையன் ஒருவன் உங்கள் செய்தியைப் போனில் அப்பாவிடம் காட்டியிருக்கிறான். அப்பா வீட்டுக்கு வந்து பையைக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்தார். ‘அவளா வாயத் தொறந்து சொல்லியிருக்கா. யாரும் கேக்கல. அவளா’ என்று அம்மாவிடம் சொன்னார். குரல் ஒரு மாதிரி இருந்தது. கோபம் மாதிரி இல்லை.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்தது என்று தெரியவில்லை. ‘அப்பா, ஸ்கூல்ல ஒங்களக் கூட்டியாரச் சொன்னாங்க’ என்றேன்.

‘எப்ப?’

‘ஆகஸ்டுல.’

‘இது அக்டோபரு.’

‘ஆமாம்ப்பா.’

எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்பெஷல் கிளாஸ் பொய், பூமாலை, மாவுக்கட்டு, சட்டை ஓரம், உங்களுக்குக் கடிதம் எழுதுவது எல்லாம். அம்மா, ‘அடிப்பாவி, யாரப் பாத்துடி இதெல்லாம் கத்துக்கிட்ட?’ என்று தலையில் அடித்துக்கொண்டார். அப்பா, ‘தெரிஞ்சுகிட்டே ஏன் கேக்குற?’ என்றார். அப்போதுதான் பையைக் கழற்றி வைத்துவிட்டு, ‘இப்ப சொல்றாளே, அதயும் அவளப் பாத்துத்தான்’ என்றார். அடிக்கவில்லை. அடித்திருந்தால் அதோடு முடிந்திருக்கும்.

இன்று காலை என்னைப் பூமாலை வீட்டுக்குக் கூட்டிப்போனார். வாழைப்பழம் ஒரு சீப்பு வாங்கிக்கொண்டார். பூமாலையின் அம்மா வாசலிலேயே நிறுத்திவிட்டார். ‘எம் புள்ள கைய ஒடிச்சுப்புட்டு இப்ப பழத்தத் தூக்கிட்டு வந்தீங்களா? அவ ரெண்டு மாசமா வலது கையால ஒரு வாய் சோறு அள்ளல, தெரியுமா?’ அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு வெயிலில் நின்றார். டிக்கெட் கேட்கும்போது எவ்வளவு சத்தமாகப் பேசுவார்! அங்கே ‘எம்பொண்ணு பேசட்டும்மா’ என்று மட்டும் சொன்னார்.

நான் பேசுவதற்கு முன் பூமாலையே வெளியே வந்தாள். மாவுக்கட்டுப் பிரித்துவிட்டார்கள். கை இளைத்திருக்கிறது.

‘வலது பக்கம், சட்ட ஓரம். அங்கதான தொட்டா?’ என்று கேட்டாள்.

‘அங்கதான்.’

‘அப்ப எனக்குக் கண்ணு தெரியுதுல்ல?’

‘தெரியுது.’

‘எங்க ஸ்கூல்ல இப்ப எம்பேரே கண்ணு தெரியாதவதான். அதனால நான் கண்ணாடியே போட்டுட்டுப் போறதில்ல. போர்டுல எழுதுறது ஒண்ணும் தெரியல.’ அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் அழுகை வந்தது. ‘அழுவாத. எங்கிட்ட சொன்னா எனக்கு என்ன? நாளைக்கு ஸ்கூல் தொறக்குது. எங்க ப்ரேயர்ல வந்து சொல்லு’ என்றாள்.

அங்கே அறுநூறு பிள்ளைகள் இருப்பார்கள் அத்தை. அவர்கள் ஊர், அவர்கள் பள்ளி. நான் ஒருத்தி. அப்பா, ‘வருவா’ என்று சொல்லிவிட்டார். என்னைக் கேட்கவே இல்லை. நாளைக்கு பஸ்ஸுக்கு விடுப்புப் போட்டிருக்கிறார்.

கை வேர்த்து எழுத்து கலைகிறது. உங்களுக்கு அந்த ஐந்து பேர் முன்னால் எப்படி வாய் திறந்தது? இந்தக் கடிதம் உங்களுக்குக் கிடைப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். இருந்தாலும் கேட்கிறேன்.

உங்கள் மேல் கோபம் போய்விட்டது. எப்போது போனது என்று தெரியவில்லை.

சத்யா

*

திருமானூர்,
8 அக்டோபர் 2025

அன்புள்ள அத்தைக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். இந்தக் கடிதத்தைப் பகலில், கூடத்தில், அப்பா எதிரே உட்கார்ந்து எழுதுகிறேன். அதனால் கையெழுத்து நன்றாக இருக்கும்.

திங்கட்கிழமை ராசாத்தி டீச்சரும் வந்தார். தமிழ்த்தாய் வாழ்த்து முடிந்ததும் என்னை மேடையில் ஏறச் சொன்னார்கள். முன்வரிசையில் சின்னப் பிள்ளைகள் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரவெல்லாம் நான்கு பக்கம் எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். மைக் முன்னால் நின்றதும் ஒரு வரிகூட ஞாபகம் இல்லை.

அதனால் நடந்ததை மட்டும் சொன்னேன். ‘என்னைத் தொட்டது உண்மைதான். பூமாலை சரியாப் பாத்தா. எனக்கும் தெரியும். தெரிஞ்சே தள்ளுனேன். அவ கை ஒடஞ்சது என்னாலதான். அவளக் கண்ணு தெரியாதவன்னு சொன்னது பொய்.’ அப்புறம் இறங்கவும் தெரியவில்லை. பின்வரிசைப் பையன் ஒருவன், ‘அப்ப அந்த மேட்ச்சு யாருக்கு?’ என்று கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். ‘எங்களுக்கு இல்ல’ என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது.

இறங்கி வந்து பூமாலைக்கு எதிரே நின்றேன். அவள் பையைத் திறந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். ‘மூஞ்சி இப்பத்தான் தெளிவாத் தெரியுது. நெனச்சதுக்கு மேல அழுமூஞ்சியா இருக்க’ என்றாள். வகுப்புக்கு மணி அடித்துவிட்டது. தோழியாகிவிட்டாள் என்று சொல்ல மாட்டேன். அவள் அம்மா இன்னும் என்னோடு பேசவில்லை.

எங்கள் பள்ளிப் பிள்ளைகளில் பாதிப் பேரும் என்னோடு பேசுவதில்லை. குறுவட்ட வெற்றியை ரத்து செய்து, அன்று எங்களுக்கு எதிரே ஆடிய பள்ளியை மாவட்டப் போட்டிக்கு அனுப்பிவிட்டார்கள். நான் சொல்லாமல் இருந்திருந்தால் இவர்கள் போயிருப்பார்கள். மத்தியானம் தனியாகத்தான் சாப்பிடுகிறேன். ஆனாலும் அத்தை, மேடையில் நின்றது நான்தான் என்று நினைக்கும்போது நெஞ்சு கொஞ்சம் நிமிர்கிறது. ஜெயித்த அன்று பிள்ளைகள் உங்கள் பெயரைச் சொல்லிக் கத்தினார்களே, அப்போதுகூட இப்படி இல்லை.

பெரம்பலூருக்கு அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டார். அப்பாவே கூட்டிப்போகிறார். காசிநாதன் சார் முன்னால் நிற்கப் பயம் இன்னும் இருக்கிறது. எடுப்பார்களா என்று தெரியாது.

கீழே கொஞ்சம் இடம் விடு என்று அப்பா சொன்னார். விடுகிறேன்.

உங்கள்,
சத்யா

செல்விக்கு அண்ணன் வேல்முருகன் எழுதுவது. நலம், நலமறிய ஆவல். உன் நம்பரைப் பிளாக்கிலிருந்து எடுத்துவிட்டேன், இனி பேசலாம். பேசினால் எனக்குச் சரியாக வராது, அதனால் எழுதுகிறேன். தீபாவளிக்கு வா. முழங்கால் வலியோடு பஸ்ஸில் நிற்காதே, சீட் பிடித்து வா. பாப்பாவுக்கு ரெய்டு போகும்போது மூச்சுப் பத்தவில்லை என்று ராசாத்தி சொல்கிறாள். நீ வந்து பார்.

அன்றைக்குப் பாப்பா மேடையில் பேசி முடித்ததும் அந்தப் பள்ளித் தலைமையாசிரியர் என் பக்கத்தில் வந்து, ‘நீங்க யாருங்க?’ என்று கேட்டார். சத்யப்பிரியாவோட அப்பா என்றேன். வெற்றிச்செல்வியோட அண்ணன் என்றும் சொன்னேன். அதை அவர் கேட்கவே இல்லை, நானாகத்தான் சொன்னேன்.